தலசீமியா றிப்போர்ட்டைக் கணினியில் எப்படிப் பதிவது? வன்னிக் கிளினிக்குக்கு எது சரிவரும்

புதுக்குடியிருப்புப் பிள்ளைக்கும் வவுனியாப் பொடியனுக்கும் கலியாணம் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலசீமியா என்பது பரம்பரையாக வரும் இரத்த நோய், அதற்காக இருவரும் மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ஒரு றிப்போர்ட்டில் 'ஐவிஎஸ் 1-5 ஜி>சி' என்று இருக்கிறது, மற்றதில் 'எச்பிபி சி.92+5ஜி>சி'. இரண்டும் எச்பிபி என்ற பீட்டா ஹீமோகுளோபின் மரபணுவில் வரும் ஒரே மாற்றம்தான், முதலாவது அதன் பழைய பெயர். இருவரும் காவிகள் (மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ளவர்கள்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரும் சாத்தியம் நாலில் ஒன்று. இதைக் கணினி தானாகப் பிடிக்குமா இல்லையா என்பது, நாம் எப்படிப் பதிந்தோம் என்பதில்தான் இருக்கிறது.

இலகுவான வழி, றிப்போர்ட்டை ஸ்கான் பண்ணிப் போட்டுவிடுவது. 2009 யுத்தத்தில் கிளினிக் கொப்பியோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம் இருக்கும் இடத்தில் இதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். கடதாசி தொலைந்தாலும் படம் இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது.

அடுத்தது ஐசிடி-10, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல். தலசீமியா காவிக்கு டி56.3 என்ற குறியீடு ஏற்கனவே இருக்கிறது. புள்ளிவிபரத்துக்கு அது போதும். எந்த மரபணுவில் என்ன மாற்றம் என்று அது சொல்லாது. ஹீமோகுளோபின் ஈ (ஹீமோகுளோபினின் மாறிய வடிவங்களில் ஒன்று) நோயும் சி, டி நோய்களும் டி58.2க்குள் ஒன்றாகவே கிடக்கின்றன. பீட்டா தலசீமியா காவியும் ஈ காவியும் சேர்ந்தாலும் பிள்ளை பாதிக்கப்படலாம் என்பதால், ஈயை இப்படி மற்றவற்றோடு கலந்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆர்எஸ் இலக்கம் (மரபணு மாற்றங்களின் பொதுத் தரவுத்தளம் தரும் இலக்கம்) பார்க்க அழகாக இருக்கும்: ஆர்எஸ்33915217. இதில்தான் கவனம் வேண்டும். இந்த இலக்கம் டிஎன்ஏயில் ஓர் இடத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டியதற்குப் பதிலாக சி வரலாம், டி வரலாம், ஏ வரலாம். மூன்றுக்கும் அதே இலக்கம்தான். இலக்கத்தை மட்டும் பதிந்தால் எந்த எழுத்து வந்தது என்பது காணாமல் போகும்.

அப்புறம், எச்ஜிவிஎஸ் முறையும் (மரபணு மாற்றங்களுக்குப் பெயர் எழுதும் சர்வதேச முறை) லொயிங்க் குறியீடும் (பரிசோதனைகளுக்கான சர்வதேசக் குறியீடு) சேர்ந்த வழி. மேலே வந்த 'எச்பிபி சி.92+5' எச்ஜிவிஎஸ் முறைப் பெயர்தான். லொயிங்க் கேள்விக்கு இலக்கம் தருகிறது: 48018-6 என்றால் எந்த மரபணு, 48004-6 என்றால் டிஎன்ஏயில் என்ன மாற்றம், 53034-5 என்றால் மரபணுவின் ஒரு பிரதியிலா இரண்டிலுமா. விடையை எச்ஜிவிஎஸ் முறையில் எழுத வேண்டும், எந்த மூல வரிசையோடு ஒப்பிட்டது என்பதையும் (என்எம்_000518.5) சேர்த்து. லொயிங்க் இலவசம் என்பது நமக்குப் பெரிய விஷயம். எண்ணும் முறையும் இதில் ஒழுங்காகிறது. ஹீமோகுளோபின் ஈயைப் பழைய றிப்போர்ட்டுகள் '26ஆம் அமினோ அமிலம்' என்று எழுதும், எச்ஜிவிஎஸ் 27 என்னும். தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதுதான் காரணம். தெரியாத ஆள் இரண்டையும் வேறு வேறு மாற்றம் என்றே நினைப்பார்.

எச்எல்7 ஃபயர் (மருத்துவத் தகவலைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் தரநிலை) முறையின் மரபணு றிப்போர்ட் வடிவம் இதற்கும் மேலே. லொயிங்க்கையும் எச்ஜிவிஎஸ்ஸையும் தனக்குள் வைத்துக்கொண்டு, எந்தப் பகுதியைப் பரிசோதித்தார்கள் என்பதையும் அது தனியாகப் பதியும். 'ஒன்றும் இல்லை' என்ற விடைக்கு இது மிக முக்கியம். வழமையான சில மாற்றங்களை மட்டும் தேடிவிட்டு இல்லை என்பதும், மரபணு முழுவதையும் வாசித்துவிட்டு இல்லை என்பதும் ஒன்றல்ல. முதல்வகை விடையை நம்பி ஒரு குடும்பம் நிம்மதியாகப் போய்விடக் கூடாது. ஆனால் ஆய்வுகூடமும் அதே வடிவில் அனுப்பினால்தான் ஃபயருக்கு முழுப் பயன். கிளினிக்கில் தாதி ஒருவர் கையால் தட்டிப் பதியும் நிலையில் அது பாரம்.

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, இன்றைக்குத் தொடங்குவதென்றால் நான் எச்ஜிவிஎஸ்ஸையும் லொயிங்க்கையும்தான் எடுப்பேன். ஸ்கான் படம் கூடவே இருக்கட்டும். ஃபயரிலிருந்து ஒன்றை மட்டும் இப்போதே கடன் வாங்க வேண்டும்: எதைப் பரிசோதித்தார்கள் என்ற கட்டம், அதை வெறுமையாக விட முடியாதபடி. பழைய றிப்போர்ட்டுகளை ஏற்றும்போது அதிலுள்ள பெயரை அப்படியே ஒரு கட்டத்தில் வைத்து, மரபணு தெரிந்த டொக்டர் ஒருவர் பார்த்த பிறகே பக்கத்துக் கட்டத்தில் புதிய பெயரைப் பதிய வேண்டும்.