மட்டக்களப்பு நகரில் விந்துப் பரிசோதனை: ஒரு தனியார் ஆய்வுகூட அனுபவம்

எங்கள் பக்கத்தில் குழந்தை தங்கவில்லையென்றால் முதலில் பெண்ணைத்தான் சோதிக்க அனுப்புவார்கள். என் மனைவி ஸ்கானும் இரத்தப் பரிசோதனைகளும் முடித்து ஒரு வருடம் கழிந்த பின்னரே எனக்குத் துண்டு எழுதப்பட்டது. அதைக் கொண்டுபோன ஆய்வுகூடத்தின் பெயரைத் தவிர்த்து, அங்கு கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மாதிரியை வீட்டிலேயே எடுத்து வரலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, ஒரு மணித்தியாலத்துக்குள் பரிசோதனை தொடங்க வேண்டும், களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் அது நடக்காது என்று நேராகவே சொன்னார்கள். இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதையும் கேளாமலே சொன்னார்கள். ஒதுக்கிய அறையின் கதவுக் கொளுக்கி மட்டும் விழவில்லை. ஸ்டூலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. போத்தலை வாங்கிய வயதான தொழினுட்பவியலாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டு, "தம்பி, முழுசா விழுந்ததா, முதல்ல கொஞ்சம் சிந்திப்போச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். விந்தணுக்கள் பெரும்பாலும் முதற் பகுதியிலேயே இருப்பதால் அந்தக் கேள்வி அவசியமானது. அதைக் கேட்கும் இடங்களை நம்பலாம்.

குறை அறிக்கையில்தான். செறிவு மில்லிலீற்றருக்கு 22 மில்லியன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூல் சொல்லும் கீழ் எல்லை 16 மில்லியன் என்பதால் அதில் கவலையில்லை. மொத்த அசைவு 31 சதவீதம், எல்லையான 42 இற்குக் கீழே. அதன் கீழ் "பஸ் செல் 15–20" என்று ஒரு வரி இருந்தது; பஸ் செல் என்றால் சீழ்க் கலம், அதாவது வெண்குருதிக் கலம். அந்த ஒரு வரியைக் காட்டி, கருமபீடத்திலிருந்தவர் கிருமித்தொற்று என்று தீர்ப்புச் சொல்லி, அன்டிபயோட்டிக்கோடு ஒட்சியேற்ற எதிரி (அன்டிஒக்சிடன்ட்) மாத்திரைப் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்தார். வைத்தியரிடம் காட்டாமல் வாங்குவதில்லை என்று வந்துவிட்டேன்.

விசேட வைத்திய நிபுணர் விளக்கியது இது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியும் உருண்டைக் கலங்கள் முதிராத விந்துக் கலங்களாகவும் இருக்கலாம். வெண்குருதிக் கலங்களைப் பிரித்துக் காட்டும் பெரொக்சிடேஸ் சாயமிட்டுப் பார்த்து, வெண்குருதிக் கலங்கள் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லியனுக்கு மேலிருந்தால்தான் அந்த வரிக்குப் பொருளுண்டு. அப்படி இருந்தால் அலட்சியம் செய்யவும் கூடாது. அக்கலங்கள் வெளிவிடும் தீவிர ஒட்சிசன் மூலக்கூறுகள், நிரம்பாத கொழுப்பமிலங்கள் நிறைந்த விந்தணு மென்சவ்வைத் தாக்குகின்றன; கலத்தின் உட்பொருளான குழியவுரு மிகக் குறைவான விந்தணுவுக்குத் தற்காப்பும் குறைவு என்பதால் அசைவு தளர்கிறது, டி.என்.ஏ. இழைகள் முறிகின்றன. ஆனால் அழற்சியெல்லாம் தொற்றல்ல. புகைத்தலும் விதைப்பை நாளப்புடைப்பும் (வரிக்கோசீல்)கூட இதே தாக்குதலை, அதாவது ஒட்சியேற்ற அழுத்தத்தைத் தரும். ஆகவே முதலில் மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்பும், பாலுறவால் தொற்றும் கிளமிடியா கிருமிக்கான சோதனையும், பிறகே மருந்து. என் வளர்ப்பில் எதுவும் வளரவில்லை, கிளமிடியாவும் இல்லை. நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டைத்தான் விடச் சொன்னார்.

மாத்திரைப் பெட்டியைப் பற்றியும் கேட்டேன். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 2,370 தம்பதியரிடையே, இவ்வகை மாத்திரைகளில் சேர்க்கப்படும் நாகமும் (சிங்க்) போலிக் அமிலமும் விந்தின் தரத்தையோ பிள்ளைப்பேற்றையோ கூட்டவில்லை என்று சொல்லி, அது வேண்டாமென்றார்.

எண்ணிக்கைக்கும் அசைவுக்கும் இந்த ஆய்வுகூடத்தைத் தயங்காமல் நாடலாம். "பஸ் செல்" வரியையும் கருமபீட ஆலோசனையையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுப்பதால், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் அங்கேதான் போனேன். அசைவு 44 ஆகியிருந்தது. ஸ்டூலும் அதே இடத்தில் இருந்தது.