ரிங் போச்சு என்றால் உடனே காசைக் கட்டாதீர்கள்

நுவரெலியா, காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கம் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது. ஏப்ரல் சீசன் முடிந்து மே மழையோடு கழற்றி வைத்த எஞ்சின், நாலு மாதம் கழித்துக் கயிற்றை இழுத்தால் பிடிக்கும். ரேஸைக் குறைத்ததும் விக்கி விக்கி நின்றுவிடும். நுவரெலியாவில் படகின் பின்னால் மாட்டுகிற 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் எஞ்சின் ஒன்றுக்கும் இதே கோளாறுதான். கரையோரத்திலிருந்து வந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் சிலிண்டரின் அமுக்கத்தை அளக்கும் கம்பிரஷன் கேஜைப் போட்டுப் பார்த்துவிட்டு, "கரையில 120 பிஎஸ்ஐ காட்டணும், இதில 95தான், பிஸ்டன் ரிங் முடிஞ்சுது" என்று எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கூடவே 87,400 ரூபா பில். ரிங் செட், ரீபோர் (சிலிண்டரைக் கடைவது), காபுரேட்டர் சர்விஸ், பிளக், கியர் ஒயில் எல்லாம் அதில் இருந்தன. விக்கல் மட்டும் போகவில்லை.

முதலில் அந்த 95. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கரையை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டர் அமுக்குவது இந்த மெலிந்த காற்றைத்தான். அதனால் கரையில் 120 காட்டுகிற நல்ல எஞ்சின் இங்கே 95, 96தான் காட்டும். பார்க்க வேண்டியது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடம்பில் எர்த் பண்ணி, திரொட்டிலை முழுக்கத் திறந்து, நாலைந்து முறை பலமாக இழுங்கள். 95, 92 என்று வந்தால் ரிங்கில் குறையில்லை. 95, 70 என்று வந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால்தான் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

செய்யாத வேலைக்குப் பில் போட்டிருப்பது எஞ்சினிலேயே தெரிந்தது. சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றாமல் ரீபோர் செய்ய முடியாது. அந்த ஹெட் போல்ட்டுகளில் கம்பனி பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஸ்பனர் பட்டிருந்தால் மூலைகளில் உரிந்திருக்கும். கியர் பெட்டியின் கீழ் ஸ்குரூவைத் தளர்த்தினால் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வழிந்தது. தண்ணீர் கலந்த பழைய ஒயில். மாற்ற வேண்டியிருந்தது சீல், அது பில்லிலேயே இல்லை.

உண்மையான கோளாறு காபுரேட்டர் கிண்ணத்தில் இருந்தது. நின்ற பெற்றோல் ஆவியாகி, அடியில் கித்துள் பாணி மாதிரி பிசின். அது முதலில் அடைப்பது ஐடிலில் பெற்றோல் கொடுக்கிற ஸ்லோ ஜெட்டை, ஏனென்றால் அதன் ஓட்டை மிகச் சிறியது. காற்றைக் குறைக்கிற சோக்கைப் பாதி இழுத்தால் எஞ்சின் சீராகிறதா? அப்படியானால் பெற்றோல் போதவில்லை. மலையில் காற்று மெலிவதால் கலவையில் தானாகவே பெற்றோல் கூடித்தான் இருக்கும். அதற்கு மேலும் சோக் கேட்கிறதென்றால் பெரும்பாலும் அடைப்புத்தான். சோக் உதவாமல், ஓடும்போது பெற்றோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பைக் கையால் அமுக்கினால் சரியாகிறதென்றால் ஹோஸில் காற்றுக் கசிவு அல்லது பெற்றோல் பம்பின் டயபிரம் பழுது.

கிண்ணத்து ஸ்குரூவைத் திறந்து பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். மூடுபனி ஊரில் பாதி டாங்கியோடு வைத்தால் உள்ளே வேர்க்கும். தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தங்கும். பிறகு ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான புள்ளி தெரிய வேண்டும். கிளீனரில் ஊற வைத்து, வயரின் ஒற்றைச் செப்பு இழையால் குத்துங்கள். ஊசி போட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். ஐடில் கலவையைச் சரிசெய்கிற பைலட் ஸ்குரூவைக் கழற்றுமுன் முட்டும்வரை மெதுவாக உள்ளே முறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். கிண்ணத்துக்குப் புது கேஸ்கட். இவ்வளவையும் செய்து ஐடிலில் விட்டபோது அந்த எஞ்சின் நிற்கவேயில்லை.

வாசலில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் முடுக்கிச் சத்தம் காட்டுகிற பாஸையும் தடுத்துவிடுங்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் இறைக்கிற இம்பெல்லர் ரப்பர், கொஞ்ச நேரத்திலேயே எரிந்துபோகும். திரீவீலருக்கு வாங்குகிற டூ-டி ஒயிலும் இதற்கு ஆகாது. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு TC-W3 (டிசிடபிள்யூ-3) என்று போத்தலில் இருக்க வேண்டும். கலவை புத்தகத்தில் 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லி.

அடுத்த மே மாதம் பெற்றோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பீப்பாயில் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கிண்ணத்தில் மீதியை வடித்து, நிமிர்த்தியே வையுங்கள்.

எதையும் பிரிக்கக் கொடுக்குமுன், பழைய பார்ட்ஸ் கைக்கு வந்தால்தான் காசு என்று எழுதி வாங்குங்கள். இங்கே கழற்றிய ரிங்கைக் கேட்டதற்கு, "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றுதான் பதில் வந்தது.