மகாபொலவும் பேர்சரியும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

மகாபொல கிடைத்தால் கம்பஸ் படிப்புக்குக் காசுப் பிரச்சினை இல்லை என்று ஊரில் இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பிள்ளையைப் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பஸ் ஏற்றிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் தாயின் சங்கிலி அடகுக்குப் போகிறது. காசு வரும்தான். எப்போது வரும், எவ்வளவு வரும், எந்தச் செலவைத் தாங்கும் என்று முதலே யாரும் சொல்லிவைப்பதில்லை. ஏ.எல். முடித்து அனுமதிக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்காக மகாபொல, பேர்சரி என்ற இரண்டு உதவித்தொகைகளையும் இங்கே எடைபோட்டுப் பார்த்திருக்கிறோம்.

மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நம்பிக்கை நிதியம். அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடங்கிவைத்தது. பொருட்காட்சிகளிலும் லொத்தரிலும் சேர்ந்த காசே அதற்கு முதல். பேர்சரி வேறு வழி: மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த மாணவருக்கு அரசாங்கக் காசில் பல்கலைக்கழகம் வழியாக வருவது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். மகாபொலவிலும் இரண்டு வகை உண்டு. ஏ.எல். பெறுபேற்றின் இசட் புள்ளியைப் பார்த்துக் கொடுப்பது ஒன்று, குடும்ப நிலையைப் பார்த்துக் கொடுப்பது மற்றது.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. அது வரவேற்கவேண்டிய மாற்றம். ஆனால் "மாதம் 7,500" என்பதை அப்படியே பன்னிரண்டால் பெருக்கிவிடக் கூடாது. ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான். ஆகவே 2025இன் தொகைப்படி மகாபொல ஆண்டுக்கு 75,000, பேர்சரி 65,000. பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்பினால் மகாபொல மாதம் 6,250, பேர்சரி 5,400 சொச்சம். நாளுக்கு இருநூறு ரூபாய் அளவு. கன்டீனில் ஒரு நேரச் சோற்றுக்கான காசு என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டு நேரமும், போட்டோகொப்பியும், டேட்டாவும், ஊருக்கு வந்துபோகிற செலவும் வீட்டின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

இந்த இடத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, மீதி 5 வீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. இந்தக் கதவால் உள்ளே போகிற படுவான்கரைப் பிள்ளைக்கும் பொத்துவில் பிள்ளைக்கும் உதவித்தொகை சாப்பாட்டுக் காசு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து சமாளிக்கலாம். தெற்கிலோ மலையகத்திலோ கிடைத்தால் கதை வேறு. மட்டக்களப்பார் கொழும்புக்கு உதயதேவி ரயிலை நம்பலாம். அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் பாதையே இல்லை. அக்கரைப்பற்றுப் பிள்ளை விடுமுறைக்கு வந்து திரும்புகிற செலவை வேறாக எழுதி வையுங்கள்.

இந்த உதவிகளின் மிகப் பெரிய குறை தொகை அல்ல, காலம். விரிவுரை தொடங்கிய பிறகுதான் விண்ணப்பங்கள் சரிபார்க்கப்பட்டு, பட்டியல் வந்து, முதல் தவணை கணக்கில் விழும். அதற்குப் பல மாதம் எடுக்கும். பிறகு நிலுவை சேர்ந்து ஒன்றாக வரலாம், ஆனால் பசி நிலுவைக்குக் காத்திருக்காது. செலவோ முதல் மாதத்திலேயே குவிகிறது: பதிவு, விடுதிக் கட்டணம், மெத்தை, வாளி, விஞ்ஞான பீடமென்றால் லப் கோட்டும் கல்குலேட்டரும், பல பீடங்களில் லப்டொப்பும். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு மகாபொல இல்லை என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். இன்னொரு பொறி இரண்டாம் ஆண்டில் இருக்கிறது. விடுதி பல இடங்களில் முதலாம், இறுதி ஆண்டு மாணவருக்கே முன்னுரிமையாகக் கிடைக்கும். இடையில் வெளியே அறை எடுக்கவேண்டி வந்தால் முற்பணம் கேட்பார்கள். முதலாம் ஆண்டில் நிலுவையாக வரும் காசில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டால் அந்த நேரம் உதவும்.

இனிப் படிவம். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

வருமானம் எழுதும் இடத்தில் "இல்லை" என்று எழுதிவிடுவது முதல் பிழை. வருமானமே இல்லாத குடும்பம் எப்படிச் சாப்பிடுகிறது என்று கிராம உத்தியோகத்தர் கேட்பார், படிவம் திரும்பி வரும். கேட்கப்படுவது ஆண்டு வருமானம். மாத வருமானத்தை எழுதிவிட்டுப் பிறகு வெட்டித் திருத்தினால் சந்தேகம் வரும். "கூலி" என்று மட்டும் எழுதாமல் என்ன கூலி, மாதத்தில் எத்தனை நாள் வேலை, நாளுக்கு எவ்வளவு என்று கணக்கோடு போங்கள். வெள்ளாண்மைக் குடும்பமென்றால் சொந்தக் காணியா குத்தகையா, எத்தனை ஏக்கர், பெரும்போகம் மட்டுமா சிறுபோகமும் செய்வதா என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும். அடுத்தவரின் வயலில் முல்லைக்காரராக, அதாவது வயல் வேலைகளைப் பார்ப்பவராக, இருப்பவரின் பெயரில் அந்த ஏக்கரெல்லாம் ஏறிவிட்டால், காகிதத்தில் அவர் பெரிய காணிக்காரரான போடியாராகிவிடுவார். கடலில் மீன்பிடிப்பவர் மாரியில் கடல் கொந்தளிக்கும்போது வருமானம் எப்படி விழுகிறது என்பதையும் சொல்லலாம். ஆண்டுக் கணக்கு என்பதால் அந்த மாதங்களும் அதில் சேரவேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தரின் வீட்டில் பிழை வேறு மாதிரி. கடன் கழித்துக் கையில் வருவதை எழுதுவார்கள். பார்க்கப்படுவது கழிவுக்கு முந்திய மொத்தச் சம்பளம். சம்பளப் பட்டியலோடு முரண்படும் தொகையை எழுதினால் பொய் சொன்னதாகவே முடியும். வருமான எல்லைக்கு மேலே போகிறது என்று தெரிந்தாலும் உள்ளதை எழுதுங்கள். தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்றால் அவர் அனுப்பும் காசும் வருமானம்தான். மறைத்தால் வங்கிக் கணக்கும் அயலவரும் காட்டிக்கொடுப்பார்கள்.

சகோதரர் விபரத்தைப் பலர் ஏனோதானோவென்று நிரப்புகிறார்கள். பாடசாலையில் படிப்பவர், பல்கலைக்கழகத்தில் இருப்பவர் எல்லாரையும் ஆதாரத்தோடு எழுதுங்கள். அதிபரிடமிருந்து கடிதம் எடுக்க இரண்டு நாள் போதும், ஆனால் பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் மாதம் போய்விடும்.

பெயர் பொருந்தாமை நம் பகுதியில் தீராத தொல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, தகப்பனின் பெயரில் ஆரம்பத்தில் ஒரு எழுத்து கூட. இடம்பெயர்வாலும் 2004 சுனாமியாலும் பத்திரங்களை இழந்து பிறகு எடுத்த குடும்பங்களில் இது அதிகம். சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து வைத்திருந்தால் கவுண்டரில் நிற்கும்போது வேலை நடக்கும். தகப்பன் பிரிந்துபோயிருந்தால் அதைக் கிராம உத்தியோகத்தர் எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும். இறந்திருந்தால் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் புதிய பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு இப்படி: முதலில் கிராம உத்தியோகத்தர், அதன் பிறகு பிரதேச செயலகம், பிறகுதான் பல்கலைக்கழகம். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் இல்லாமல் செயலகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். வெல்லாவெளியிலோ வாகரையிலோ ஓர் உள்ளூர்ப் பயணம் வீணாவது சின்ன விஷயமில்லை, ஒரு நாள் கூலி போகும். கையொப்பம் வைக்கும் நாளை முதலே கேட்டுவிட்டுப் போங்கள். முழுப் படிவத்தையும் ஒரு கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். பின்னர் மேன்முறையீடு செய்யவேண்டி வந்தால் என்ன எழுதினோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் தனிப்பெயரில் இருக்கவேண்டும். சின்ன வயதில் திறந்த சிறுவர் கணக்கையே கொடுத்துவிட்டுக் காசு வரவில்லை என்று அலைபவர்கள் உண்டு. 18 வயதானதும் வங்கிக்குப் போய் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள். நீண்ட நாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடந்த கணக்கு என்றால் சிறு தொகை போட்டு எடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். கணக்கிலக்கத்தைக் கையால் எழுதாமல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தின் கொப்பியோடு கொடுப்பது நல்லது.

கிடைத்த பிறகும் அது நின்றுவிடலாம். வரவு 80 வீதம் இருக்கவேண்டும். டெங்குவோடு இரண்டு கிழமை ஊரில் கிடந்த பிள்ளை மருத்துவச் சான்றிதழைப் பீடத்தில் உரிய நாளுக்குள் கொடுக்கவில்லையென்றால் அந்த நாட்கள் வெறும் வராத நாட்களே. இடையில் வேலை கிடைத்துச் சம்பளம் எடுக்கத் தொடங்கினால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அறிவியுங்கள். பிறகு திரும்பக் கேட்கும்போது ஒன்றாகக் கட்டுவது பெரிய சுமை.

ஊர்ச் சங்கங்கள், கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊரார் என்று உள்ளூர் உதவிகளும் நிறைய இருக்கின்றன. மனமார்ந்த உதவிகள் அவை. ஆனால் பெரும்பாலும் மகாபொல வந்து விழுகிற அதே காலத்தில், அதே பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. பெறுபேறு வந்த கிழமையில் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு உறையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். ஒரே தடவையில் 25,000 கொடுப்பதைவிட, முதல் ஆறு மாதத்துக்கு மாதம் 5,000 என்று பிள்ளையின் கணக்கில் போட்டுவிட்டு, மகாபொல தொடங்கியதும் அடுத்த பிள்ளைக்கு மாறுவதே பயனுள்ளது. மேலதிகம் வெறும் 5,000தான், ஆனால் அந்தக் காசு ஒரு பிள்ளையைக் கம்பஸில் நிறுத்தும். படம் எடுத்து முகநூலில் போடும் நிபந்தனையையும் கைவிடவேண்டும். அந்த நிபந்தனைக்காகவே உதவி கேட்க வராத பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகாபொல, பேர்சரி இரண்டும் கிடைக்கவில்லை என்று பட்டியல் சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். காரணத்தை மாணவர் நலப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வருமானம் கூட என்பதா, ஆவணம் குறை என்பதா, கணக்கிலக்கம் பிழை என்பதா என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று புரியும். ஆவணக் குறையென்றால் மேன்முறையீட்டில் சரியாக வாய்ப்பு உண்டு. படிவம் நிரப்பிய பிறகு தகப்பன் நோயில் விழுந்து வேலையை விட்டிருந்தால், புதிய நிலையைப் பிரதேச செயலகத்தின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மேன்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. அறிவிப்புப் பலகையையும் பீடத்தின் வாட்ஸ்அப் குழுவையும் பட்டியல் வந்த நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.