ஷோகன் ஷோடவுன்: திரும்பி நிற்கவும் ஒரு முறை செலவாகும்

ரோபோட்டினோ உருவாக்கிய இந்த வீடியோ கேம் 2024 செப்டம்பரில் முழுசாக வெளிவந்தது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தால் மணி பன்னிரண்டாகிவிடுகிறது.

சண்டைக்களம் ஒரே வரிசைதான், சில கட்டங்கள். நாம் நடுவில், எதிரிகள் இருபுறமும். ஓர் அடி நகர்ந்தாலும், திரும்பினாலும், வாளைத் தயார் செய்தாலும் நம் முறை (டர்ன்) ஒன்று போய்விடும். அதே நேரத்தில் எதிரியும் ஒரு காரியம் செய்துமுடிப்பான். மூன்று தாக்குதல்கள் வரை அடுக்கி வைத்து ஒரே வீச்சில் இறக்கலாம். எதிரி என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். அதனால் தோற்றால் முழுக்க நம் கணக்குத்தான் தப்பு. எனக்கு ரொம்பப் பிடித்ததே இந்த நேர்மைதான்.

முதல் வீரன் வாண்டரருக்கு எதிரே நிற்பவனோடு இடம் மாற்றிக்கொள்ளும் வித்தை உண்டு. வில்லாளி அம்பு விடும் அந்த முறையில் இடம் மாறினேன். அம்பு அவன் கூட்டாளி மேலேயே பாய்ந்தது. எழுந்து நின்று கைதட்டினேன்!

தொடக்கத்தில் ஆயுதங்கள் குறைவு, கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆட்டத்தில் கிடைக்கும் மண்டையோடுகள் சேரச் சேரப் புது ஆயுதங்கள் திறக்கும். சதுரங்கம் பிடித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம்.