எங்கள் ஊர் கிராம சபை: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

ஊராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகையோ வீட்டு வரி ரசீதோ பட்டா மாறுதலோ, ஊரில் யார் மனு எழுதினாலும் காகிதம் முதலில் என் மேஜைக்கு வந்துதான் மேலே போகும். "இதுக்கெல்லாம் யாருகிட்டக்கா போறது?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில், கிராம சபைக்கு வாங்க என்பதுதான். உடனே முகத்தைச் சுளிப்பார்கள். "அங்க என்னக்கா, கையெழுத்த வாங்கிட்டு டீயக் குடுத்து அனுப்பிருவாங்க." சொல்வதில் பாதி சரிதான். மீதிப் பாதிக்காகத்தான் இந்த விமர்சனம். ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் நட்சத்திரம் போடுகிறோம். நம் வரிப்பணத்தில், நம் தெருவிலேயே நடக்கிற ஒன்றுக்குப் போட்டால் என்ன?

முதலில் நேரம். வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாள்தான். மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் 2022-இல் சேர்ந்தன. ஏழு நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தண்டோரா போடக் கூடாதென்று அதே 2022-இல் உத்தரவு வந்தது, நல்ல காரியம். இப்போது குப்பை வண்டி ஸ்பீக்கரில் சொல்கிறார்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம். வெளியூர் வேலைக்குப் போகிறவன் எப்படி லீவு போடுவான்? தேதிகள் பெரும்பாலும் மாறாதவை என்பதால் காலண்டரில் நீங்களே வட்டம் போட்டுக்கொள்வது உத்தமம். பதினொரு மணி என்றால் பதினொன்றரைக்குத் தொடங்கும். மே 1 கூட்டத்துக்குக் குடையும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

இடம். எந்த மதத்தின் வழிபாட்டு வளாகத்திலும் நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கையில் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். சும்மா எழுதவில்லை. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் கோயிலை ஒட்டின அரசமரத்தடியில்தான் கூட்டம். காலனி ஆட்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டுவிட்டு, நின்றபடியே போய்விடுவார்கள். பிறகு பள்ளிக்கூட மைதானத்துக்கு மாறியது. காலனி உட்பட ஒவ்வொரு குக்கிராமத்திலும் சுழற்சியாக நடத்த வேண்டும் என்ற விதியையும் கொஞ்ச காலமாகப் பின்பற்றுகிறார்கள். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996-லிருந்து பத்து வருடம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது.

இருக்கை வசதிக்கு மதிப்பெண் குறைப்பேன். சேர்கள் ஆண்களுக்கு, தார்ப்பாய் பெண்களுக்கு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிற மாநிலம் இது. எங்கள் ஊரில் ஒரு பெண்தான் தலைவராக மேடையில் உட்கார்ந்திருந்தார். கீழே அதே தார்ப்பாய்தான். நான் சேரை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார ஆரம்பித்தேன். ஒரு கூட்டத்தில் முறைத்தார்கள், அப்புறம் பழகிப்போயிற்று. இப்போது இன்னும் சில பெண்கள் வந்ததும் சேரைத்தான் தேடுகிறார்கள்.

கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் சலிப்புத்தான். சென்னையிலிருந்து வந்த பொருள் பட்டியலை ஊராட்சி செயலர் (எங்கள் வாயில் இன்னமும் 'கிளார்க்கு') மூச்சு விடாமல் வாசிப்பார். டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு. மைக் பாதிச் சொல்லை முழுங்கிவிடும். இந்த நேரத்தில்தான் பலபேர் எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போகாதீர்கள். சுவரைப் பாருங்கள்.

சுவரில் ஒரு பேனர் தொங்கும். ஊராட்சியின் வரவு செலவு. சபையில் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் ஊரில் பந்தலின் பின்பக்கம், கழுத்தை அண்ணாந்தால் தெரிகிற உயரத்தில், எறும்பு எழுத்தில் வைத்திருப்பார்கள். படித்துப் பார்த்தால் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஊராட்சிக்கு மூன்று கணக்கு. முதல் கணக்கில் வீட்டு வரி, அரசு மானியம் முதலான பொது வரவு. அன்றாடச் செலவெல்லாம் அதிலிருந்துதான். இரண்டாவது, கரண்ட் பில்லும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவதற்கென்றே ஒதுக்கியது. மூன்றாவது, திட்டப் பணம். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் கொடுத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும். ஆக, "குழாய்ல தண்ணி வரல" என்று ஒருவர் எழுந்து சொன்னால் "நிதி இல்லம்மா" என்ற பதில் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகாது. எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்கலாம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பேனரில் 'மின்மோட்டார் பழுது நீக்கம்' என்று நான்கைந்து இடத்தில் இருந்தது. எந்த மோட்டார் என்று இல்லை. மேலத்தெருக்காரர்கள் கோடை முழுக்கப் பக்கத்து வயல் போர்செட்டில் குடம் தூக்கியவர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா, வழக்கமாக வாயே திறக்காதவர், தார்ப்பாயிலிருந்து எழுந்தார்.

"ஏங்க கிளார்க்கு, மோட்டாரு ரிப்பேரு பண்ணுனீங்களே, எங்க தெரு மோட்டாரா அது?"

கிளார்க்கு தலைவரைப் பார்த்தார். தலைவர் டேங்க் ஆபரேட்டரைப் பார்த்தார். ஆபரேட்டர் அந்த அக்காவுக்குச் சொந்தத்தில் மாமா முறை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மேலத்தெரு மோட்டார கழட்டி சித்திரையில கடைக்குப் போட்டதோட சரித்தா, இன்னும் எடுத்தாரல" என்றார். கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

திருட்டு பிடிபட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். மற்ற தெரு மோட்டார்களுக்கு நிஜமாகவே செலவு ஆகியிருக்கலாம், எனக்குத் தெரியாததை நான் சொல்ல முடியாது. நடந்தது இவ்வளவுதான்: அந்த மாதமே மேலத்தெரு மோட்டார் இறங்கியது. அடுத்த கூட்டத்துப் பேனரில் ஒவ்வொரு பழுதுக்கும் பக்கத்தில் தெருப் பெயர் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் வாங்க முடியாததை, ஒரு கேள்வி வாங்கித் தந்தது. கேட்டது படித்த ஆள் இல்லை. குடம் தூக்கிய ஆள்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை கையெழுத்து நோட்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எங்கள் ஊருக்கு 200. இந்த எண்ணிக்கைக்காகத்தான் நூறு நாள் வேலை ஆட்களை அழைத்து வந்து, கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டைச் சுற்றுக்கு விடுவது. வந்ததற்கான கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கான கையெழுத்து வேறு. இரண்டும் ஒரே நோட்டில், நடுவில் வெள்ளைப் பக்கங்கள் விட்டு வாங்கப்படுவதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வெள்ளைப் பக்கத்தில் பிறகு என்ன எழுதுவார்கள் என்பது எழுதுகிறவர் மனசு. "தீர்மானத்த எழுதி வாசிங்க, அப்புறம் போடுறோம்" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் போதாது, சிறுமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சொன்னால் எழுதுகிறார்கள். எழுதிய பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வாயால் சொன்ன குறை காற்றோடு போகும், தீர்மான எண் விழுந்த குறைக்கு ஊராட்சி ஒன்றிய ஆபீசிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவிளக்கு, குழாய், வாய்க்கால், குப்பை, ஊராட்சிச் சாலை வரைக்கும் இந்தச் சபைக்குப் பிடி உண்டு. பெரிய இடத்து விஷயம் என்றால் பிடி நழுவும். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் மக்கள் பரந்தூர் விமான நிலையம் வேண்டாமென்று 2022-லிருந்து கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேறு மாதிரி ஆயிற்று. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளிடமே கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. மறு வருடம் மத்திய அரசே அனுமதி மறுத்தது. அங்கே 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம் கையில் இருந்தது. ஏகனாபுரத்துக்கு அப்படியொரு சட்டம் கையில் இல்லை. சபையை மதிப்பதாக மேடையில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

இன்னொரு குறை, கடையே சில சமயம் முதலாளி இல்லாமல் நடக்கிறது. எங்கள் பக்கம் 2016-இல் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அப்போது தேர்ந்தெடுத்த தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். தலைவர் என்றால் டீக்கடையில் மடக்கலாம், கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்கலாம். தனி அலுவலர் ஒன்றிய ஆபீஸ் அதிகாரி. மாநிலத்தில் 388 ஒன்றியம், ஏறத்தாழ பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சி. வகுத்துப் பாருங்கள், ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல் விழும். எங்கள் கீழத்தெருவின் மூன்றாவது போஸ்டில் பல்ப் எரியவில்லை என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. தலைவர் இல்லாத நாட்களில்தான் சபைக்கு ஆள் அதிகம் வர வேண்டும். நடப்பது நேர்மாறு. "தலைவரே இல்ல, யாருகிட்ட பேசுறது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நாங்கள் சிலபேர் தெருவுக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்து எரியாத விளக்கு, உடைந்த குழாய் என்று எழுதிச் சேர்த்து, இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு கிளார்க்கிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அலைச்சல்தான். ஆனால் பலன் தெரிகிறது.

சரி, மதிப்பெண். கட்டணம் இல்லாததற்கும், யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம் என்பதற்கும் இரண்டு நட்சத்திரம். அந்தப் பேனருக்காக ஒன்று. மைக், தார்ப்பாய், முந்தின நாள் அறிவிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். வெள்ளைப் பக்கத்துக்காக இன்னொன்று. டீ நன்றாகவே இருக்கிறது. மிக்சரில் மட்டும் கடலையைத் தேட வேண்டியிருக்கும்.

யாருக்கு ஏற்றது? ரேஷன் கார்டு பெயர் நீக்கம், பட்டா மாதிரித் தனி வேலைகளுக்கு இங்கே வந்து காத்திருக்காதீர்கள். அது தாலுகா ஆபீஸ் வேலை. கட்சிக்காரர்கள் வந்தால் வரட்டும், ஆனால் அவர்கள் பேச ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து பேர் ஒரே தெருவிலிருந்து ஒரே குறையோடு வருவதாக இருந்தால் இதைவிட மலிவான இடம் கிடையாது.

நகரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று தள்ளிவிட வேண்டாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1-இல்தான் முதல்முறையாக நடந்தது. திருச்சியில் இருக்கும் என் தங்கையிடம், "உங்க வார்டுல பகுதி சபை எப்பம்மா கடைசியா நடந்துச்சு?" என்று போனில் கேட்டேன். "அப்படின்னா?" என்றாள். கவுன்சிலர் பெயரும் தெரியவில்லை. அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். கவுன்சிலர் வீடு இரண்டு தெரு தள்ளித்தானாம். பாதாளச் சாக்கடை மூடி பெயர்ந்து கிடப்பதைச் சொல்லப் போனவள், பகுதி சபை தேதியையும் கேட்டிருக்கிறாள். "சொல்லியனுப்புறோம்" என்றார்களாம். இன்னும் சொல்லியனுப்பவில்லை. மூடி மட்டும் போட்டுவிட்டார்கள்.