டோல் இறக்கம் அகலமாகி ஆறு வருடம்: தினமும் ஓட்டுபவனின் அனுபவம்

மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் வழியை அகலப்படுத்தி ஆறு வருடம் ஆகிறது. பலகையில் 'சுசுர் கெலுவார்', அதாவது வெளியேறும் வழி, என்றுதான் போட்டிருக்கும். எங்களுக்கு அது டோல் இறக்கம். பேராக் மாநிலத்தின் தெற்கே, செம்பனை எனும் எண்ணெய்ப்பனைக்கு நடுவில் ஒரு சின்னத் தோட்டப்பட்டணம். வாரத்தில் ஆறு நாள் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். திறந்த மாதமே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன்.

முன்பு ஒற்றைத் தடம். வளைவு முடிந்ததும் டோல், டோலைத் தாண்டினால் பழைய கூட்டரசு சாலைச் சந்தி. வெள்ளிக்கிழமை மாலை கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் சேர்ந்துவிட்டால் வரிசை வளைவில் ஏறி நெடுஞ்சாலையின் அவசரத் தடம்வரை நிற்கும். பின்னால் 110இல் வரும் கார்களைக் கண்ணாடியில் பார்த்தபடி ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இறக்கத்தை இரண்டு தடமாக்கி, வேகம் குறைக்கும் தடத்தையும் நீட்டியபின் அந்தப் பயம் போய்விட்டது. அந்த ஒன்றுக்காகவே செலவு தகும்.

ஆனால் நெரிசல் போகவில்லை, ஊருக்குள் குடிவந்தது. சந்தியில் பச்சை எரியும் நேரம் அதேதான். அதற்குள் எத்தனை வண்டி கடக்குமோ அத்தனைதான் கடக்கும். முன்பு வளைவில் நின்ற வரிசை இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி முதலில் நின்றால் தீர்ந்தது கதை: அது முக்கி முனகி நகர்வதற்குள் சிவப்பு விழுந்துவிடும்.

ஏறும் பக்கம் அவ்வளவு தொல்லை இல்லை. அதற்குக் காரணம் ராம்ப் என்கிற ஏறுபாதை அல்ல, டோல் சாவடி. தடுப்புக் கம்பு ஒவ்வொரு வண்டியாக விடுவதால் நெடுஞ்சாலையில் கூட்டமாகப் போய் மோதுவதில்லை. அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் பகுதியில் இதையே ராம்ப் வாசலில் சிக்னல் வைத்துச் செய்கிறார்கள். 2000இல் அவற்றை ஆறு வாரம் அணைத்துப் பார்த்தபோது விபத்துகள் 26 விழுக்காடு கூடின. தடுப்பே இல்லாத டோல் இங்கே வந்தால் என்ன ஆகும் என்று அவ்வப்போது யோசிப்பேன்.

இனி 'வளர்ச்சி'. 1994இல் நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோதே எங்கள் கடைத்தெரு பாதி படுத்துவிட்டது; அதற்குமுன் நெடுந்தூரப் பேருந்துகள் தேநீருக்கு நின்ற ஊர் இது. இறக்கம் அகலமானதும் மீதியும் டோல் பக்கம் நகர்ந்தது. பெட்ரோல் நிலையம், காரில் இருந்தபடியே கோழி வாங்கும் கடை, செம்பனை வெட்டிய இடத்தில் இரண்டு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. கடைத்தெருவில் ரொட்டி சானாய் போட்ட அண்ணன்கூட அங்கே ஒட்டுக்கடை போட்டுவிட்டார். தாமான் வீடுகளில் இரவில் விளக்கெரிவது பாதிதான். சிலாங்கூரில் உள்ள புதுக் குடியிருப்புகளான லெம்பா பெரிங்கினுக்கும் புக்கிட் பெருந்தோங்கிற்கும்கூட நெடுஞ்சாலை இறக்கம் இருந்தது; 1997 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே வீடுகள் புதர் மண்டிக் கிடந்தன. தஞ்சோங் மாலிமுக்கு 2003இல் புரோட்டோன் கார் ஆலை வந்தது, வேலைக்கு ஆள் வந்தார்கள். எங்களுக்கு இன்னும் ஆலை வரவில்லை, விளம்பரப் பலகைதான் வந்திருக்கிறது.

எனக்கு உண்மையில் பொறுக்காதது இடது பக்கம் நிற்காமல் திரும்பப் போட்ட தனி வளைவு. ஓட்டுகிற எனக்கு அது சுகம், ஒத்துக்கொள்கிறேன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கடக்கும் இடமும் அதுதான். டோலிலிருந்து வரும் வண்டிக்கு நெடுஞ்சாலை வேகம் காலைவிட்டு இறங்கியிருக்காது. எனக்கும்தான், ஒருநாள் சடாரென்று பிரேக் மிதித்தபோது புரிந்தது. பேரனைக் கையில் பிடித்த பாட்டி ஒருவர் குடையை நீட்டி என்னை நிறுத்தினார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். கடப்பதற்கு விளக்கு கேட்டுப் பெற்றோர்கள் மனு கொடுத்தார்கள். எட்டு மாதம் கழித்து மஞ்சள் பலகை ஒன்று நட்டார்கள், இரண்டு பிள்ளைகள் நடக்கிற படம் போட்டு. பாட்டி இப்போது அதன் நிழலில் நின்று குடையை நீட்டுகிறார்.