கீறப் பழகும் பிள்ளைக்கு எந்த மென்பொருள், எந்த டப்லெட்?

பெறாமகள் சாதாரண தரத்துக்குச் சித்திரப் பாடம் எடுத்திருக்கிறாள். கணினியிலும் படம் கீறிப் பழக வேண்டும் என்பது அவளுக்குக் கனநாள் ஆசை. கிளிநொச்சியில் அவர்கள் வீட்டில் இருந்தவை 4 ஜிபி ராம் உள்ள பழைய லப்டொப் ஒன்றும் தகப்பனின் ஆன்ட்ரொயிட் போனும்தான். அவற்றை வைத்தே தொடங்கினோம்.

முதலில் போன். ஐபிஸ் பெயின்ட் இலவசம், இடைக்கிடை விளம்பரம் வரும். லேயரும் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கீறும் கண்ணாடித்தாள் போன்றது) பிரஷ்ஷும் தாராளமாக இருக்கின்றன. ஆனால் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பது போன் திரைக்குத் தெரியாது. பனையோலையின் அடி தடித்து நுனி மெலிய வேண்டும். அந்த மெலிவைச் செயலி தானாகப் போட்டுத் தரும். பிள்ளையின் கை அதைப் பழகாது. வர்ணம் பூசிப் பார்க்கப் போன் போதும், கோடு பழகப் போதாது.

லப்டொப்புக்குப் போட்டோஷொப் கேட்டாள். அது 1990இல் புகைப்பட வேலைக்கென்று வந்தது, இன்று சந்தா கட்டித்தான் பாவிக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் காசு கட்டும் அட்டை எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது? கிரிட்டா ஓவியத்துக்காகவே ஆக்கப்பட்ட இலவச, திறந்த மூல மென்பொருள். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா முடிந்த இரவிலும் கீறலாம். கொமிக்ஸ் கீறுபவர்களுக்குக் கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் நல்லது, ஆனால் முதல் வருடத்தில் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. என் தெரிவு கிரிட்டாதான்.

அதிலும் ஒரு கரைச்சல் உண்டு. ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், திறந்தால் 2480க்கு 3508 புள்ளிகள். முழுக்க நிறம் பூசிய ஒரு லேயர் ராமில் ஏறத்தாழ 35 எம்பி பிடிக்கும். இருபது லேயர் போட்டால் 700 எம்பி. பழைய லப்டொப்பில் பிரஷ் கைக்குப் பின்னால் இழுபட்டு வரும். பழகும் காலத்தில் 150 டிபிஐ வைத்தால் இடம் காற்பங்காகக் குறையும்.

இனி டப்லெட், அதாவது கணினியோடு இணைத்துப் பேனையால் கீறும் பலகை. திரையுள்ள வகையில் பேனை பட்ட இடத்திலேயே கோடு தெரியும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விலை பலமடங்கு, பெரும்பாலும் அதற்குத் தனியாக மின்சாரமும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை நாங்கள் மறக்கவில்லை. திரையில்லாதது யூஎஸ்பி வயரிலேயே ஓடும், லப்டொப் பற்றரி இருக்குமட்டும் கீறலாம். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது சில கிழமைகளில் பழகிவிடும்.

அந்த வகையில் இரண்டைப் பார்த்தோம்: ஒன் பை வாக்கொம் சிறியது, ஹூயொன் எச்640பி. கீறும் பரப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டின் பேனைக்கும் பற்றரி வேண்டாம். பேனையின் அழுத்தத்தைப் பிரித்தறியும் படிகள் வாக்கொம்மில் 2048, ஹூயொன்னில் 8192. அந்தப் பெரிய எண்ணுக்கு மயங்கத் தேவையில்லை, பழகும் கைக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த வித்தியாசம் பொத்தான்கள்: ஹூயொன்னில் ஆறு, வாக்கொம்மில் ஒன்றுமில்லை. அவள் விறாந்தையில் பாய் விரித்து, டப்லெட்டை மடியில் வைத்துக் கீறுகிறவள். கீபோட் எட்டாது. பிழைத்த கோட்டை அழிக்கப் பெருவிரலடியில் ஒரு பொத்தான் இருப்பது அவளுக்குப் பெரிய உதவி. ஹூயொன்னை எடுத்தோம்.

முதல் நாள் இரணைமடுக் குளத்தின் மேல் சூரியன் கீறினாள், முட்டை வந்தது. கையில் பிழையில்லை. டப்லெட்டின் பரப்பு 160க்கு 99 மில்லிமீற்றர், லப்டொப் திரை 16க்கு 9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்கும் நீட்டும்போது வட்டம் அகலவாக்கில் பத்திலொரு பங்கு இழுபடும். டப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் பரப்பை 160க்கு 90 ஆக்கினோம். அழுத்தமும் முதலில் வேலை செய்யவில்லை. பேனையின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல வின்டாப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழி உண்டு; கிரிட்டாவின் டப்லெட் அமைப்பில் வின்டாப்பை விட்டு விண்டோஸ் இங்குக்கு மாற்றியதும் சரிவந்தது. பிறகு கீறிய சூரியன் வட்டமாகவே இருந்தது. அதன் கீழே கரையோரப் பனையின் ஓலை ஒவ்வொன்றும் நுனி மெலிந்து முடிந்திருந்தது.